இன்டர்மீடியேட் வகுப்பில் சேர்ந்த பிறகும் ஏன் பேச வரவில்லை?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். வயது 36. பிளஸ் டூ வரை தமிழ் மீடியம், பிறகு பி.காம்., இப்போது ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் வேலை. மாலை நேர ஆங்கில வகுப்பில் ஒரு தேர்வு வைத்துப் பார்த்து ‘இன்டர்மீடியேட்’ பிரிவில் போட்டிருக்கிறார்கள். வாரம் 3 நாள், ஒன்றரை மணி நேரம். சேர்ந்து 2 மாதம் ஆகிறது. டென்ஸ் அட்டவணை தலைகீழாகத் தெரியும், வாய் திறந்தால்தான் எதுவும் வருவதில்லை. தினம் 10 வார்த்தை மனப்பாடம் செய்தால் அடுத்த வாரம் அதில் பாதிகூட நினைவில் இல்லை. தொடரலாமா, நிறுத்திவிடலாமா? தொடர்ந்தால் எதை எப்படிப் படிப்பது?

தொடருங்கள். ஆனால் இப்போது படிக்கிற விதத்தில் தொடர வேண்டாம். பெரியவர்களுக்கான மாலை வகுப்புகளில் பாடம் எடுப்பவன் நான். இந்தக் கட்டத்தில் வந்து நிற்பவர்களைப் பார்த்துக்கொண்டே இருப்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் கணக்கு. உங்களுக்குக் கணக்குதானே தொழில். ஐரோப்பிய கவுன்சில் 2001-ல் வெளியிட்ட மொழித்திறன் அளவுகோலில் ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2 என்று ஆறு படிகள். இன்டர்மீடியேட் என்று வகுப்புகளில் சொல்வது பெரும்பாலும் பி1. அதற்கு அடுத்த பி2-வைத்தான் ‘அப்பர் இன்டர்மீடியேட்’ என்பார்கள். கேம்பிரிட்ஜ் தேர்வு அமைப்பு ஒரு தோராயக் கணக்கு தருகிறது: அடியிலிருந்து தொடங்கி பி1 வரை வர, ஆசிரியர் துணையோடு படிக்கும் நேரம் 350 முதல் 400 மணி, பி2 வரை வர 500 முதல் 600 மணி. அப்படியானால் இந்த ஒரு படிக்கு மட்டும் சுமார் 150 முதல் 200 மணி நேரம் ஆகும். உங்கள் வகுப்பு வாரத்துக்கு நாலரை மணி. 8 வாரத்துக்கு 36 மணி நேரம் ஆகியிருக்கிறது. 200 மணியைத் தொட 44 வாரத்துக்கு மேல் வேண்டும், லீவு நாள் எதையும் கழிக்காமல். ஆக, நீங்கள் இன்னும் கால்வாசி தூரம்கூட வரவில்லை. 90 நாளில் சரளமாகப் பேசலாம் என்று சுவரில் ஒட்டியிருக்கும் போஸ்டர்களை மறந்துவிடுங்கள். அந்த நாட்களில் பாதி ஞாயிற்றுக்கிழமையிலும் மழையிலும் போய்விடும்.

நேரம் தவிர இன்னொரு சிக்கலும் இந்தப் படியில் உண்டு. தொடக்க வகுப்பில் ஒவ்வொரு வாரமும் ஏதோ ஒன்று புதிதாகப் பேச வரும், முன்னேற்றம் கண்ணுக்குத் தெரியும். இன்டர்மீடியேட்டில் நீங்கள் சொல்வது எப்படியோ எதிராளிக்குப் புரிந்துவிடுகிறது. ‘ஐ ஆம் ஹேவிங் ஒன் டவுட்’ என்றால் மேனேஜர் தலையை ஆட்டிவிட்டுப் பதில் சொல்லிவிடுவார், திருத்த மாட்டார். காரியம் நடந்துவிடுவதால் அந்த வாக்கியம் அப்படியே உறைந்துபோகிறது. லாரி செலிங்கர் என்ற மொழியியலாளர் 1972-ல் இதற்கு ‘ஃபாசிலைசேஷன்’ என்றே பெயர் வைத்தார். பத்து வருடம் ஆபீஸில் ஆங்கிலம் பேசியும் ஒருவருக்கு அதே பிழைகள் அதே இடத்தில் இருப்பது இதனால்தான். அதனால் உங்களுக்கு இப்போது புதிய விதிகள் அவ்வளவாக வேண்டியதில்லை. உறைந்ததை இளக்குவதும், படித்தால் புரிகிறதை வாய்க்குக் கொண்டுவருவதும்தான் வேலை.

கேட்டுக்கொண்டே இருந்தால் தானாக வந்துவிடும் என்று சிலர் சொல்வார்கள். ஓரளவுக்குத்தான் அது உண்மை. கனடாவில் ஆங்கிலம் பேசும் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பள்ளிப் பாடங்களையே பிரெஞ்சில் நடத்தும் ஒரு முறை இருக்கிறது. அந்தப் பிள்ளைகளை ஆராய்ந்த மெரில் ஸ்வெயின் 1985-ல் எழுதியது: பல வருடம் பிரெஞ்சிலேயே பாடம் கேட்டதில் புரிந்துகொள்வது நன்றாக இருக்கிறது, ஆனால் பேச்சிலும் எழுத்திலும் இலக்கணம் அந்த அளவுக்கு வரவில்லை. காரணம், அவர்கள் சொந்தமாக வாக்கியம் அமைத்துப் பேச வேண்டிய கட்டாயம் குறைவு. கேட்கும்போது இலக்கணத்தைத் தாண்டிப் பொருளைப் பிடித்துவிடலாம், பேசும்போது முடியாது. உங்களுக்கு அட்டவணை தெரிந்தும் பேச்சு வராததற்கும் இதுதான் விளக்கம். கோடிட்ட இடத்தை நிரப்பும்போது வாக்கியத்தின் முக்கால் பங்கை வேறு யாரோ ஏற்கெனவே எழுதி வைத்துவிடுகிறார்கள்.

சரி, என்ன செய்வது? உங்கள் ஆபீஸில் யாரும் அனுப்பக்கூடிய ஒரு லீவு மெயிலை எடுத்துக்கொள்வோம்:

‘டியர் சார், ஐ ஆம் ஹேவிங் ஃபீவர் சின்ஸ் டூ டேஸ். ஸோ ஐ காண்ட் ஏபிள் டு கம் டுடே.’

இந்த ரெண்டு வரியில் இன்டர்மீடியேட் சிலபஸில் பாதி இருக்கிறது. இதைத் திருத்தினால்: ‘ஐ ஹேவ் ஹேட் எ ஃபீவர் ஃபார் டூ டேஸ், ஸோ ஐ வோன்ட் பி ஏபிள் டு கம் இன் டுடே.’

ஒவ்வொன்றாகப் பாருங்கள். காய்ச்சல் இருப்பது ஒரு நிலை, செய்கிற வேலை கிடையாது, அதனால் ‘ஹேவிங்’ இல்லை. ரெண்டு நாள் முன்பு தொடங்கி இன்னும் இருக்கிறது, அதனால் ‘ஹேவ் ஹேட்’. ‘டூ டேஸ்’ என்பது கால நீளம், அதற்கு ‘ஃபார்’. தொடங்கிய புள்ளியைச் சொன்னால்தான் ‘சின்ஸ்’: ‘சின்ஸ் மண்டே’. ‘கேன்’, ‘ஏபிள் டு’ இரண்டும் ஒரே பொருள், சேர்த்துப் போட்டால் ‘முடிய முடியாது’ என்பது போல இருக்கும். ‘ஃபீவர்’ முன்னால் ஒரு ‘எ’. வகுப்பில் இந்த ஐந்துக்கும் தனித்தனி நாளில், தனித்தனிப் பயிற்சித்தாளில் நீங்கள் சரியாக விடை எழுதியிருப்பீர்கள். ஒரே நேரத்தில் ஐந்தும் வேண்டும்போதுதான் கை நழுவுகிறது. எனவே உங்கள் பாடப் புத்தகம் உங்கள் ‘சென்ட்’ ஃபோல்டர்தான். போன மாதம் அனுப்பிய மெயில்களில் பத்தை எடுத்து (கம்பெனி ரகசியம், தொகைகளை அழித்துவிட்டு) ஆசிரியரிடம் காட்டுங்கள். திரும்பத் திரும்ப வரும் பிழைகள் நாலைந்துக்கு மேல் இருக்காது என்று பந்தயமே கட்டுவேன்.

அந்த நாலைந்தும் எங்கிருந்து வருகின்றன என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. பெரும்பாலும் தமிழிலிருந்து. தமிழில் யோசிக்காதே என்று வகுப்புகளில் மிரட்டுவார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. 36 வயதில் தமிழைக் கழற்றி வைத்துவிட்டு யோசிக்க முடியாது. தமிழும் ஆங்கிலமும் எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே பிரிகின்றன என்று தெரிந்துகொள்வதுதான் பெரியவர்களுக்குக் கைகொடுக்கும் வழி.

பர்ஃபெக்ட் டென்ஸையே பாருங்கள். ‘போன வாரம் ஊட்டிக்குப் போயிருந்தேன்’ என்று நாம் சாதாரணமாகச் சொல்வோம். அதை அப்படியே ‘ஐ ஹேட் கான் டு ஊட்டி லாஸ்ட் வீக்’ என்று மாற்றுகிறோம். ஆங்கிலக்காரர் மேலே ஏதோ சொல்லப்போகிறார் என்று காத்திருப்பார். ஏனென்றால் ‘ஹேட் கான்’ என்றால் கடந்த காலத்தில் வேறொன்று நடப்பதற்கு முன்பே இது முடிந்துவிட்டது என்று பொருள்: ‘வென் ஐ ரீச்ட் த ஸ்டேஷன், த ட்ரெயின் ஹேட் லெஃப்ட்’. பின்னால் வரும் இன்னொரு சம்பவம் இல்லாமல் அது தனியாக நிற்பதில்லை. ஊட்டிக்குப் போன கதைக்கு ‘ஐ வென்ட்’ போதும்.

‘நேற்றே வந்திருக்கிறார்’ என்பதிலும் இதே கதை. தமிழில் ‘வந்திருக்கிறார்’ நேற்றோடு சண்டை போடாது. நாம் நேரில் பார்க்கவில்லை, பிறகு தெரிந்துகொண்டோம் என்ற சாயலைக்கூட அது தரும். ஆங்கிலத்தில் ‘ஹேஸ் கம்’ முடிந்துபோன ஒரு நேரத்தோடு சேராது. ‘யெஸ்டர்டே’, ‘லாஸ்ட் மன்த்’, ‘இன் 2019’ என்று எது வந்தாலும் ‘ஹேவ்’ வெளியே போய்விட வேண்டும். இந்த ஒரு சோதனையை மட்டும் பழக்கினால் போதும்: வாக்கியத்தில் முடிந்துபோன தேதி இருக்கிறதா? இருந்தால் சாதாரண இறந்தகாலம்.

மூன்றாவது எதிர்த் திசையில் வருகிறது. ‘பத்து வருஷமா இங்கே வேலை பார்க்கிறேன்’ என்பதில் நாம் நிகழ்காலம் போடுகிறோம். அதனால் ‘ஐ ஆம் ஒர்க்கிங் ஹியர் ஃப்ரம் டென் இயர்ஸ்’ என்று வருகிறது. ஆங்கிலத்தில் இங்கேதான் ‘ஹேவ்’ கட்டாயம்: ‘ஐ ஹேவ் ஒர்க்ட் ஹியர் ஃபார் டென் இயர்ஸ்’ அல்லது ‘ஹேவ் பீன் ஒர்க்கிங்’. வேண்டாத ரெண்டு இடத்தில் போட்டு, வேண்டிய ஓரிடத்தில் விட்டுவிடுகிறோம். பன்னிரண்டு டென்ஸ் அட்டவணை இதைச் சொல்லித் தராது. இன்னொன்று: ஆங்கிலம் பேசுபவர்கள் ‘ஐ ஹேவ் டன்’ என்று பிரித்துச் சொல்வதில்லை, ‘ஐவ் டன்’ என்று விழுங்கிவிடுவார்கள். அந்த ‘வ்’ நம் காதில் விழுவதே இல்லை. ஆகவே கேட்டுக் கேட்டு இது தானாக வராது, எழுத்தோடு வைத்துக் கேட்க வேண்டும்.

இதற்கு நேர்மாறாக, எல்லோரும் பயப்படும் ‘தேர்ட் கண்டிஷனல்’ நமக்குச் சுலபம். ‘நீங்கள் சொல்லியிருந்தால் வந்திருப்பேன்.’ ‘இஃப் யூ ஹேட் டோல்ட் மீ, ஐ வுட் ஹேவ் கம்.’ சொல்லி‘யிருந்தால்’ இருக்கும் இடத்தில் ‘ஹேட்’, வந்‘திருப்பேன்’ இருக்கும் இடத்தில் ‘வுட் ஹேவ்’. ஜோடி ஜோடியாகப் பொருந்துகிறது. பிறகு ‘இஃப் யூ வுட் ஹேவ் டோல்ட்’ என்று சொல்லத் தோன்றாது, ஏனென்றால் தமிழிலும் ‘நீங்கள் சொல்லியிருப்பீர்கள் என்றால்’ என்று தொடங்க மாட்டீர்கள். கஷ்டம் அதற்கு முந்தைய ‘செகண்ட் கண்டிஷனலில்’ இருக்கிறது. ‘நேரம் இருந்தால் வருவேன்’ என்ற ஒரே தமிழ் வாக்கியம், நேரம் கிடைத்தாலும் கிடைக்கலாம் என்பதற்கும், எங்கே கிடைக்கப்போகிறது என்ற சலிப்புக்கும் பொது. ஆங்கிலம் இதைப் பிரிக்கிறது: முதலாவதுக்கு ‘இஃப் ஐ ஹேவ் டைம், ஐ வில் கம்’, இரண்டாவதுக்கு ‘இஃப் ஐ ஹேட் டைம், ஐ வுட் கம்’. வகுப்பில் நேரத்தை இதற்குச் செலவிடச் சொல்லுங்கள்.

ஆர்டிகிள்தான் தமிழர்களுக்கு வரவே வராது என்று ஒரு பேச்சு உண்டு. தமிழில் ‘எ’, ‘த’ இல்லை என்பது சரி. ஆனால் அந்த வேறுபாடே நமக்குத் தெரியாது என்பது தப்பு. ‘பேனா வாங்கினேன்’ என்பதற்கும் ‘பேனாவை வாங்கினேன்’ என்பதற்கும் வித்தியாசம் உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. முதலாவது ஏதோ ஒரு பேனா. இரண்டாவதைக் கேட்டால் ஏற்கெனவே பேசிய அந்தப் பேனா என்று புரியும். ‘ஐ பாட் எ பென்’, ‘ஐ பாட் த பென்’. அதே மாதிரி ‘வாசலில் நாய் நிற்கிறது’ என்றால் ஏதோ ஒரு நாய். ‘நாய் வாசலில் நிற்கிறது’ என்றால் நம் இருவருக்கும் தெரிந்த நாய். ஆங்கிலத்தில் ‘தேர் இஸ் எ டாக் அட் த டோர்’, ‘த டாக் இஸ் அட் த டோர்’. நாம் ஒரு ‘ஐ’ உருபிலும் சொல் வரிசையிலும் காட்டுவதை அவர்கள் ஒரு குட்டிச் சொல்லில் காட்டுகிறார்கள். மனிதர்களைக் குறிக்கும் சொல்லுக்கு ‘ஐ’ எப்படியும் வந்துவிடும் என்பதால் அங்கே இந்தச் சோதனை பலிக்காது, மற்ற இடங்களில் ஓரளவுக்கு உதவும். இதோடு எண்ண முடியாத சொற்களின் பட்டியல் ஒன்றைச் சுவரில் ஒட்டிக்கொள்ளுங்கள்: ‘இன்ஃபர்மேஷன்’, ‘அட்வைஸ்’, ‘எக்விப்மென்ட்’, ‘ஃபர்னிச்சர்’, ‘ஸ்டேஷனரி’. இவற்றின் முடிவில் ‘ஸ்’ சேர்த்து அனுப்பாத ஆபீஸ் நம் ஊரில் குறைவு.

பெயரெச்சம் இருக்கிற இடம் இன்னொரு பள்ளம். ‘நான் வேலை பார்க்கும் கம்பெனி’, ‘நான் கடன் வாங்கிய பேங்க்’, ‘நான் உட்கார்ந்த நாற்காலி’. மூன்றும் தமிழில் ஒரே அச்சு. கம்பெனிக்காக, பேங்கிலிருந்து, நாற்காலியில் என்ற உறவை நாம் சொல்லவே தேவையில்லை, கேட்பவர் புரிந்துகொள்வார். ஆங்கிலம் அந்த உறவைச் சொல்லியே ஆகவேண்டும் என்று அடம் பிடிக்கும்: ‘த கம்பெனி ஐ ஒர்க் ஃபார்’, ‘த பேங்க் ஐ பாரோட் ஃப்ரம்’, ‘த சேர் ஐ சாட் ஆன்’. கடைசியில் தொங்கும் அந்தக் குட்டிச் சொல்லை விடாமல் இருக்க ஒரே வழி, உங்கள் மேசையைச் சுற்றி இருக்கும் ஆட்கள், பொருள்களைப் பற்றி இப்படிப் பத்துப் பத்தாகச் சொல்லிப் பார்ப்பது.

கேள்வி வாக்கியம் பற்றி ஒரே ஒரு குறிப்பு. ‘வேர் இஸ் த ஃபைல்?’ என்று நேரடியாகக் கேட்கும்போது வரும் தலைகீழ் வரிசை, அது இன்னொரு வாக்கியத்துக்குள் போனதும் நிமிர்ந்துவிடும்: ‘கேன் யூ டெல் மீ வேர் த ஃபைல் இஸ்?’ மரியாதையாகக் கேட்க வேண்டிய எல்லா இடத்திலும் இது தேவைப்படும்.

பாஸிவ் வாய்ஸில் நேரத்தைக் கொட்டாதீர்கள். ‘ராமா கில்ட் ராவணா’வைத் திருப்பிப் போட்டுப் போட்டே ஒரு தலைமுறை பள்ளிக்கூடத்தைக் கடந்துவிட்டது. நிஜத்தில் யாரும் ஒரு வாக்கியத்தைச் சொல்லிவிட்டு அதைத் திருப்பிப் போடுவதில்லை. யார் செய்தார் என்பது முக்கியமில்லாதபோது பாஸிவ் தானே வரும், அப்போது ‘பை’ என்ற வாலும் இருக்காது. ‘த பேமென்ட் ஹேஸ் பீன் மேட்’, ‘த பில்ஸ் வேர் சென்ட் யெஸ்டர்டே’. அக்கவுண்ட்ஸில் இருப்பவருக்கு இந்த மாதிரி இருபது வாக்கியம் போதும்.

இப்போது வார்த்தைகள். பத்து வார்த்தை போர்டில், பக்கத்தில் தமிழ் அர்த்தம், நோட்டில் எழுதிக்கொண்டு வீட்டுக்கு. இதில் ரெண்டு கோளாறு. ஒன்று, மறதி. ஹெர்மன் எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மன் உளவியலாளர் 1885-லேயே தன்னையே வைத்துச் சோதித்துக் காட்டினார்: படித்ததில் பெரும்பகுதி முதல் ஒன்றிரண்டு நாளிலேயே போய்விடுகிறது, பிறகு மறக்கும் வேகம் குறைகிறது. ஆகவே ஒரே இரவில் பத்து முறை எழுதுவதைவிட, இன்று, நாளை, நாலு நாள் கழித்து, ரெண்டு வாரம் கழித்து என்று இடைவெளி விட்டு நினைவுபடுத்திப் பார்ப்பது மேல். நினைவுபடுத்துவது என்றால் பார்த்துப் படிப்பது இல்லை, மூடி வைத்துவிட்டுச் சொல்லிப் பார்ப்பது. செபாஸ்டியன் லைட்னர் என்பவர் எழுபதுகளில் இதற்காக ஒரு அட்டைப்பெட்டி முறையைப் பிரபலப்படுத்தினார்: சரியாகச் சொன்ன அட்டை அடுத்த அறைக்குப் போகும், அதை இன்னும் அதிக நாள் கழித்துப் பார்க்கலாம், தப்பினால் முதல் அறைக்கே திரும்பும். அதே யோசனையில் இயங்கும் ‘ஆன்கி’ என்ற ஆப் ஆண்ட்ராய்டிலும் கம்ப்யூட்டரிலும் இலவசம். ஷூ டப்பாவில் அட்டை வைத்துக்கொண்டாலும் சரிதான்.

இரண்டாவது கோளாறு பெரிது: ஒற்றை வார்த்தையாகப் படிப்பது. ‘எக்ஸ்ப்ளெயின்’ என்றால் விளக்கு. அர்த்தம் தெரியும். ஆனால் ‘எக்ஸ்ப்ளெயின் மீ’ என்று எழுதுகிறோம், ஏனென்றால் அது ‘எக்ஸ்ப்ளெயின் இட் டு மீ’ என்றுதான் நடக்கும் என்று நோட்டில் இல்லை. ‘டிஸ்கஸ்’ பின்னால் ‘அபவுட்’ வராது. நமக்கு ‘பற்றி’ வேண்டும்போல் இருக்கும், அதற்கு வேண்டாம். ‘ஆன்சர் த கொஸ்டின்’, இடையில் ‘டு’ இல்லை. ‘மேரீட் டு’, ‘வித்’ இல்லை. அர்த்தம் தெரிந்த வார்த்தையின் நடத்தை தெரியாததுதான் இன்டர்மீடியேட்காரரின் நோய். ஆகவே ஆங்கிலம்-தமிழ் அகராதி ஆப்பை விட்டு, கற்பவர்களுக்கென்றே எழுதிய ஆங்கில அகராதிக்கு மாறுங்கள். ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஏ. எஸ். ஹார்ன்பி இப்படி ஒன்றைத் தொகுத்தார். 1942-ல் டோக்கியோவில் வந்தது, 1948-ல் ஆக்ஸ்போர்ட் பதிப்பாக வெளியானது. வினைச்சொல்லுக்குப் பின்னால் என்ன வரும் என்று காட்டுவதே அதன் சிறப்பு. இன்றைய ஆக்ஸ்போர்ட் கற்போர் அகராதி இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ‘ஆக்ஸ்போர்ட் 3000’ என்று அவர்கள் தரும் பட்டியலில் ஏ1 முதல் பி2 வரை எந்த வார்த்தை எந்தப் படி என்றும் இருக்கும். போர்டில் எழுதிப்போடும் பகட்டு வார்த்தைகளில் எத்தனை அந்தப் பட்டியலில் இருக்கின்றன என்று ஒருமுறை சரிபாருங்கள், சிரிப்பு வரும்.

அட்டையில் எப்படி எழுதுவது? உங்கள் தொழிலிலிருந்தே சொல்கிறேன். ‘இன்வாய்ஸ்’ உங்களுக்குத் தெரியும். அதை என்னென்ன செய்யலாம்? ‘ரெய்ஸ்’, ‘இஷ்யூ’, ‘செண்ட்’, ‘பே’, ‘டிஸ்ப்யூட்’. எப்படிப்பட்ட இன்வாய்ஸ்? ‘பெண்டிங்’, ‘ஓவர்டியூ’, ‘டூப்ளிகேட்’. அட்டையின் முன்பக்கம் தமிழில் ஒரு முழு வாக்கியம்: ‘போன வாரமே இன்வாய்ஸ் போட்டுவிட்டோம், இன்னும் பணம் வரவில்லை.’ பின்பக்கம்: ‘வி ரெய்ஸ்ட் த இன்வாய்ஸ் லாஸ்ட் வீக், பட் வி ஹேவன்ட் பீன் பெய்ட் யெட்.’ டென்ஸ், பாஸிவ், ஆர்டிகிள், வார்த்தைக் கூட்டு எல்லாம் ஒரே அட்டையில். தினம் பத்து வேண்டாம், இப்படி மூன்று போதும்.

எதிர்ச்சொல்லையும் ஒரே மாதிரிச் சொல்லையும் ஒரே நாளில் படிக்காதீர்கள். ‘லென்ட்’, ‘பாரோ’ ரெண்டையும் சேர்த்துப் படித்தவர்கள் ஆயுள் முழுக்க எது கொடுப்பது, எது வாங்குவது என்று தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். ஒன்று கைவசமான பிறகு மற்றதைத் தொடலாம்.

ஃப்ரேசல் வெர்ப் பயம் தேவையில்லை. ‘விட்டு’, ‘கொடு’ தனித்தனியாகத் தெரிந்தால் ‘விட்டுக்கொடு’ புரிந்துவிடுமா? ‘கண்டுபிடி’யில் யாரை யார் பிடிக்கிறார்கள்? நாம் பிறந்ததிலிருந்து இப்படித்தான் பேசுகிறோம். ‘கிவ் இன்’, ‘ஃபைன்ட் அவுட்’, ‘புட் ஆஃப்’ எல்லாம் அதே வகை. ‘கெட்’ பின்னால் வரும் நாற்பதையும் பட்டியலாகப் படிக்காமல், கண்ணில் படும்போது ஒவ்வொன்றாக அட்டையில் ஏற்றுங்கள்.

படிப்பதற்கு எதை எடுப்பது? பால் நேஷன் என்ற நியூசிலாந்து ஆய்வாளர் 2006-ல் போட்ட கணக்கின்படி, நாவல், செய்தித்தாள் போன்றவற்றில் நூற்றுக்கு 98 சொல் தெரிந்த நிலைக்கு வர 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்கள் (ஒரு சொல்லும் அதிலிருந்து கிளைக்கும் வடிவங்களும் சேர்ந்து ஒரு குடும்பம்) வேண்டும். நீங்கள் அங்கே வர நாளாகும். இப்போதைக்கு இப்படிப் பாருங்கள்: 250 சொல் உள்ள ஒரு பக்கத்தில் தெரியாத சொல் அஞ்சாறு இருந்தால் ரசித்துப் படிக்கலாம். ஒரு டஜன் என்றால் அகராதியோடு படிக்கலாம். அதற்கு மேல் போனால் மூடி வைத்துவிடுங்கள். ஆங்கிலம் வளர இந்து தலையங்கம் படி என்று பெரியவர்கள் சொல்வதைக் கேட்டு எத்தனையோ பேர் பேப்பரையே வெறுத்துவிட்டார்கள். விளையாட்டுப் பக்கத்தில் தொடங்குங்கள், ஸ்கோர் தெரிந்த மேட்ச் என்றால் பாதி தானாகப் புரியும். படிநிலைப்படுத்திய எளிய கதைப் புத்தகங்களில் பி1 என்று போட்டவை நல்லவை. கேட்க, பிபிசியின் லேர்னிங் இங்கிலீஷ் பகுதியில் ஆறு நிமிட நிகழ்ச்சிகள் எழுத்து வடிவத்தோடு இலவசமாகக் கிடைக்கின்றன. முதலில் கேளுங்கள், அப்புறம் எழுத்தைப் பார்த்துக்கொண்டே கேளுங்கள். அந்த ‘வ்’ எங்கே ஒளிந்திருக்கிறது என்று தெரியும்.

‘டூ த நீட்ஃபுல்’, ‘ப்ரீபோன்’, ‘அவுட் ஆஃப் ஸ்டேஷன்’ எல்லாம் தப்பா என்று அநேகமாக அடுத்துக் கேட்பீர்கள். இந்தியாவுக்குள் தாராளமாகப் புழங்கலாம். ‘ப்ரீபோன்’ அகராதியிலேயே ஏறிவிட்டது. வெளிநாட்டு கிளையண்ட்டுக்கு எழுதும்போது மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். முக்கியமாக ‘ஐ ஹேவ் எ டவுட்’. அவர்கள் காதுக்கு அது கேள்வி இருக்கிறது என்று படாது, நீங்கள் சொல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை என்று படும். ‘ஐ ஹேவ் எ கொஸ்டின்’ போதும்.

வகுப்புக்குள் என்ன மாற்ற வேண்டும் என்று சொல்கிறேன். 30 பேர் உள்ள வகுப்பில் 90 நிமிடத்தையும் ஒவ்வொருவராக எழுந்து பேசவே கொடுத்தாலும் ஆளுக்கு 3 நிமிடம்தான். அதே நேரத்தை ரெண்டு ரெண்டு பேராகப் பேசக் கொடுத்தால் ஆளுக்குப் பாதி, 45 நிமிடம் வரை. ‘இன்னொரு மாணவரோடு பேசி என்ன பயன், அவரும் தப்பாகத்தானே பேசுவார்’ என்று பலர் ஒதுங்குவார்கள். அவர் பேச்சைக் கேட்டுக் கெட்டுப்போவதைவிட, பேசாமல் இருந்து கெட்டுப்போவது அதிகம். ஆசிரியர் ஜோடிப் பயிற்சி தரவில்லை என்றால் கூச்சப்படாமல் கேளுங்கள், பணம் கட்டியிருக்கிறீர்கள்.

திருத்தம் விஷயத்தில் ஒரு பழக்கம். நீங்கள் ‘ஹி டிடின்ட் கேம்’ என்கிறீர்கள். ஆசிரியர் மென்மையாக ‘ஓ, ஹி டிடின்ட் கம்’ என்கிறார். நீங்கள் ‘எஸ் சார்’ என்று சொல்லிவிட்டு அடுத்த வாக்கியத்துக்குப் போகிறீர்கள். திருத்தம் நடந்தது, உங்களிடம் வந்து சேரவில்லை. மான்ட்ரியல் பகுதி வகுப்பறைகளில் ராய் லிஸ்டர், லெய்லா ராண்டா இருவரும் ஆராய்ந்து 1997-ல் எழுதியது இதைத்தான்: ஆசிரியர்கள் அதிகம் பயன்படுத்துவது இப்படித் திருத்திச் சொல்லிக் காட்டும் முறை, ஆனால் மாணவர் தானே திருத்திக்கொள்வது அதில்தான் குறைவு. ஆகவே ‘எஸ் சார்’ வேண்டாம். திருத்திய வாக்கியத்தை முழுசாக ஒருமுறை நீங்களே சொல்லுங்கள். அஞ்சு விநாடி ஆகும். பேசி முடித்த பிறகு அதை நோட்டில் ஒரு வரியாக எழுதிக்கொள்ளுங்கள், அது மறுநாள் அட்டை.

பேச்சில் எல்லாப் பிழையையும் கண்காணிக்கப் பார்த்தால் வாய் அடைத்துக்கொள்ளும். ஒரு வாரத்துக்கு ஒன்று என்று வையுங்கள். இந்த வாரம் ‘ஃபார்’, ‘சின்ஸ்’ மட்டும் கவனம், மற்றது எப்படி வந்தாலும் வரட்டும். அடுத்த வாரம் ‘டிட்’ பின்னால் வரும் வினை. எழுதும்போது மட்டும் கறாராக இருங்கள், அங்கே நேரம் இருக்கிறது.

இவ்வளவும் உங்கள் வகுப்பில் நடக்குமா என்று பார்க்க இன்னும் ஒரு மாதம் கொடுங்கள். எழுதிக் கொடுத்ததைத் திருத்தித் தருகிறார்களா, வகுப்பில் உங்கள் குரல் எத்தனை நிமிடம் கேட்கிறது, இந்த ரெண்டையும் பாருங்கள். ரெண்டுக்கும் பதில் இல்லை என்றால் அடுத்த தவணை கட்டாமல் வேறு இடம் தேடுங்கள். கட்டடத்தையும் ஏசியையும் பார்த்துச் சேராதீர்கள், ஒரு வகுப்பில் சும்மா உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். தயங்குகிற இடம் என்றால் வேண்டாம்.

தேர்வு எழுதலாமா என்று கேட்பவர்களுக்கும் சேர்த்து: வெளிநாட்டுப் படிப்போ வேலையோ குறியில்லை என்றால் ஐஇஎல்டிஎஸ் பக்கம் இப்போது போக வேண்டாம். அதன் மதிப்பெண் பொதுவாக 2 வருடம்தான் செல்லும், கட்டணமும் அதிகம். அதில் 4 முதல் 5 வரை வாங்குவது ஏறக்குறைய பி1, 5.5 முதல் 6.5 வரை பி2. பழைய மாதிரித் தாள்கள் இணையத்தில் இலவசம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வீட்டிலேயே கடிகாரம் வைத்து ஒன்றை எழுதி, எழுத்துப் பகுதியை ஆசிரியரிடம் கொடுத்துத் திருத்தி வாங்கிக்கொண்டால், எந்த இடத்தில் இருக்கிறீர்கள் என்பது பைசா செலவில்லாமல் தெரிந்துவிடும்.